பயம் வேறு, பயபக்தி வேறு

"சாமி கண்ணைக் குத்திடும்!"

பிள்ளைகளை மிரட்ட இந்த வார்த்தையைச் சொல்லாத தாய் நம்மில் யார் இருக்கிறோம்? எந்த மதத்து வீடானாலும் சாமியின் பெயர்தான் மாறுகிறது. கண்ணைக் குத்துவது மட்டும் மாறுவதில்லை. என் அம்மா என்னிடம் சொன்னாள். நான் என் மகளிடம் சொன்னேன். சொன்னதன் பலனை அனுபவித்த பிறகுதான், நான் சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்று எனக்கு உறைத்தது. இளம் தாய்மார்கள் யாருக்காவது உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருவேங்கடம். திருப்பதி மலைக்கு வழங்கும் பெயரே எங்கள் ஊருக்கும் பெயர். மேற்கே போனால் சங்கரன்கோவில், கிழக்கே போனால் கோவில்பட்டி. சுற்றிலும் கரிசல் காடு. பருத்தி, மிளகாய், உளுந்து. கிறிஸ்தவ வீடுகள் எங்கள் தெருவில் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான்.

2022 நவம்பர் மாதம். ஞாயிறு பள்ளிக்குப் போன என் சின்ன மகளிடம் காணிக்கை போடப் பத்து ரூபாய் கொடுத்தனுப்பினேன். அப்போது அவளுக்கு எட்டு வயது. மறுநாள் அவள் கவுனைத் துவைக்க எடுத்தபோது பையில் கடலைமிட்டாய்த் தாள் இரண்டு கிடந்தன. கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்தாள். காணிக்கைக் காசு கடைக்குப் போயிருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் இது வெளிப்பட்டதில் எனக்கு அவமானம் பொங்கிக்கொண்டு வந்தது. "ஆண்டவர் காசையே திருடிட்டியா? அவர் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கார். உன் ரெண்டு கண்ணையும் குத்திடப் போறார், பாரு!" என்று கத்தினேன். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. அழக்கூட இல்லை. நானும் அதோடு மறந்துவிட்டேன்.

அவள் மறக்கவில்லை.

அந்த மாதம் தமிழ்நாடு முழுவதும் மெட்ராஸ் ஐ பரவிக்கொண்டிருந்தது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் தெருவிலும் வீட்டுக்கு ஒருவர் கறுப்புக் கண்ணாடியோடு திரிந்தார்கள். என் மகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான் எழுவதற்கு முன்பே எழுந்து, கொல்லைப்புறம் போய், ஒட்டிக்கொண்ட இமைகளைப் பச்சைத் தண்ணீரால் தேய்த்துப் பிரித்திருக்கிறாள். "என்ன, கண்ணு சிவப்பா இருக்கு?" என்று நான் கேட்டதற்கு, "தூசி விழுந்துட்டு" என்றாள். காட்டு வேலை நெருக்கும் நேரம். நானும் காட்டுக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். துருவிக் கேட்கவில்லை.

நான்காம் நாள் விடியற்காலை கொல்லையில் ஏதோ சத்தம். போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி அருகே இருட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு இமைகளும் வீங்கி மூடியிருந்தன. "அம்மா, தொறக்க முடியல" என்றாள். அன்று என் வயிறு கலங்கியதை வார்த்தையில் சொல்ல முடியாது.

சங்கரன்கோவிலில் கண் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். இமையின் உட்பக்கம் பால் ஆடை போல ஒரு மெல்லிய படலம் படிந்திருந்தது. அதை டாக்டரம்மா எடுக்கும்போது பிள்ளை போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. "இது வைரஸால் வருகிற நோய். 1918-ல் சென்னையில்தான் முதலில் அடையாளம் கண்டதால் மெட்ராஸ் ஐ என்று பேர் வந்தது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே சரியாகிவிடும். ஆனால் கண்ணைத் தேய்க்கக்கூடாது. முதலிலேயே கூட்டி வந்திருக்கலாமே அம்மா?" என்றார். பிறகு ஒன்று சொன்னார்: "கொஞ்ச நாள் பார்வை மங்கலாக இருக்கலாம். பயப்படாதீர்கள்." அவர் சொன்னபடியே மங்கல் இருந்தது. கரும்பலகை எழுத்து கலங்கித் தெரிகிறது என்று பிள்ளை சொன்ன அந்தச் சில வாரங்கள் நான் சரியாகத் தூங்கவில்லை.

டாக்டரிடம் போய் வந்த அன்று இரவுதான் விஷயம் வெளிவந்தது. பக்கத்தில் படுத்திருந்தவள், சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்: "அம்மா, ஆண்டவர் கண்ணைக் குத்திட்டாருல்ல? இன்னும் கோவமாத்தான் இருக்காரா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான்கு நாட்களும் தனக்கு வந்தது தண்டனை என்றே அவள் நினைத்திருக்கிறாள். கண்வலியைச் சொன்னால் திருட்டை மறுபடி சொன்னது போல ஆகிவிடும் என்று மறைத்திருக்கிறாள். படுக்கும்போது ஜெபம் பண்ணுகிற பிள்ளை, அந்த நான்கு நாளும் ஜெபம் பண்ணவில்லை. கண்ணைக் குத்தியவரிடம் கண்ணைக் குணமாக்கும்படி எப்படிக் கேட்பாள்?

எனக்கு உடனே பதில் வரவில்லை. "தூங்கு தாயி, காலையில பேசலாம்" என்றேன். நான் தூங்கவில்லை. நான் எதற்காக அவ்வளவு கத்தினேன் என்று யோசித்துப் பார்த்தேன். காணிக்கை குறைந்ததற்காகவா? இல்லை. பக்கத்து வீட்டு அக்கா என்ன நினைப்பாள், ஞாயிறு பள்ளி டீச்சர் என்ன நினைப்பார், சபையில் பேச்சு வருமே என்பதற்காகத்தான். எனக்கு இருந்தது தேவ பயம் அல்ல, ஊர்ப் பயம். அந்த ஊர்ப் பயத்துக்கு ஆண்டவரைப் போலீஸ்காரராக்கி என் பிள்ளை மேல் ஏவிவிட்டேன்.

அப்படியானால் தேவ பயம் என்பது எது? வேதாகமத்தில் கர்த்தருக்குப் பயப்படுதல் என்ற வார்த்தை எத்தனை முறை வருகிறது! ஞானம் அங்கேதான் தொடங்குகிறது என்று நீதிமொழிகள் சொல்கிறது. அது இந்தப் பயம் இல்லை என்றால், வேறு எது?

அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். என் அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம்.

அத்தை 2019-ல் கர்த்தருக்குள் நித்திரை அடைந்துவிட்டார்கள். அதிகம் படித்தவர்கள் அல்ல. எழுத்துக்கூட்டித்தான் வேதம் வாசிப்பார்கள். திருநெல்வேலிச் சீமையின் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்க அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். அது கோயிலுக்கு. அத்தை ஒருவேளை தவறாமல் எடுப்பார்கள். விலைவாசி ஏறிய நாளிலும், வீட்டில் எங்களுக்கே பற்றாத நாளிலும் அந்தக் கை சுருங்கி நான் பார்த்ததில்லை. யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. ஆனாலும் குறைக்க மாட்டார்கள்.

நான் கல்யாணமாகி வந்த புதிது, 2001-ஆம் வருஷம். வீட்டில் இரண்டு எருமை இருந்தது. நாலைந்து வீட்டுக்குப் பால் ஊற்றுவோம். அதில் ஒரு வீட்டில் கண் தெரியாத பாட்டி தனியாக இருந்தாள். அவளுக்குத் தினமும் ஒரு உழக்குப் பால். ஒருநாள் நான் கொண்டு போகும்போது வழியில் கால் இடறி, பாலில் பாதி கொட்டிவிட்டது. திரும்பி வர வெட்கம். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். பாட்டி வாங்கிக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அதை ஒரு வேடிக்கை போல அத்தையிடம் சொன்னேன். "அந்தப் பாட்டிக்குத் தெரியவா போகுது?" என்று சிரிக்கவும் செய்தேன்.

அத்தை அடுப்பு முன் உட்கார்ந்திருந்தார்கள். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார்கள். முகம் வெளுத்துவிட்டது. "அவளுக்குத் தெரியாதுங்கிறதுதான் தாயி எனக்குப் பயமா இருக்கு" என்றார்கள்.

என்னைத் திட்டவில்லை. எங்கள் வீட்டுக் காப்பிக்கென்று எடுத்து வைத்திருந்த பாலைச் செம்பில் ஊற்றிக்கொண்டு, "நீயும் வா" என்று கிளம்பினார்கள். பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "பால்ல தண்ணி கலந்துட்டு பாட்டி. எங்க வீட்டுத் தப்பு. மன்னிச்சிக்கிடுங்க" என்றார்கள். என் பெயரைச் சொல்லவே இல்லை. எங்க வீட்டுத் தப்பு என்றுதான் சொன்னார்கள். பாட்டி அத்தையின் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "இதுக்கா இம்புட்டு தூரம் வந்த?" என்றாள். அன்று சாயங்காலம் மாமா காப்பி கேட்டார்கள். "இன்னைக்குப் பால் இல்ல" என்றதோடு அத்தை பேச்சை முடித்துவிட்டார்கள்.

யாருக்குத் தெரியாதோ, அங்கேதான் பயப்பட வேண்டும் என்பது அத்தையின் கணக்கு. எனக்கு அப்போது அது முழுவதும் புரியவில்லை. பல வருஷம் கழித்து, எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்து வேதபாடத்தில் ஐயரம்மா லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை எடுத்தார்கள். காது கேளாதவரைத் திட்டக்கூடாது, பார்வை இல்லாதவர் நடக்கிற வழியில் இடறும் பொருளைப் போடக்கூடாது என்று அங்கே ஒரு கட்டளை. அந்த இரண்டையும் சொன்ன கையோடு, உன் தேவனுக்குப் பயப்படு என்று முடிகிறது. "ஏன் இந்த இடத்தில் பயத்தைச் சேர்த்தார் தெரியுமா?" என்று ஐயரம்மா கேட்டார்கள். "காது கேளாதவருக்குத் திட்டியது கேட்காது. பார்வை இல்லாதவருக்குக் கல்லைப் போட்டவர் யார் என்று தெரியாது. சாட்சி கடவுள் ஒருவர்தான். எதிர்த்துக் கேட்க முடியாதவரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதுதான் தேவ பயம்." எனக்கு அந்த உழக்குப் பால் ஞாபகம் வந்து, கண் நிறைந்துவிட்டது. அத்தை அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அதன்படி நடந்ததைப் பார்த்தேன்.

அதே அதிகாரத்தில் நரைத்த தலைக்கு முன் எழுந்து நிற்க வேண்டும் என்ற இடத்திலும் தேவ பயம் வருகிறது. 25-ஆம் அதிகாரத்தில், வேலைக்கு இருக்கிறவரைக் கடுமையாக ஆளக்கூடாது என்ற இடத்திலும் வருகிறது. கண் தெரியாதவர், வயதானவர், நம்மிடம் வேலை செய்கிறவர். இவர்களில் ஒருவராவது இல்லாத வீடு எது சொல்லுங்கள்? தேவ பயம் கோயிலுக்குள் முக்காடு போட்டுக் குனிவதோடு முடிகிற விஷயம் அல்ல. பாத்திரம் விளக்க வருகிற அம்மாவுக்குப் பழங்கஞ்சி ஊற்றும்போது, புளித்துவிட்டதா என்று ஒரு தரம் வாயில் வைத்துப் பார்க்கிறோமே, அங்கே இருக்கிறது.

அந்த வேதபாடத்தில் இன்னும் சில விஷயங்களும் தெரிந்துகொண்டேன். எபிரெய மொழியில் யிரா என்ற ஒரே சொல்தான் நடுக்கத்துக்கும் வரும், பயபக்திக்கும் வருமாம். அதனால்தான் நமக்குக் குழப்பம். யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் சீனாய் மலையில் இடி, மின்னல், புகை எல்லாம் பார்த்து ஜனங்கள் நடுங்கித் தூரப்போய் நிற்கிறார்கள். மோசே அவர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்கிறார். அதே மூச்சில், நீங்கள் பாவம் செய்யாமல் இருக்கத் தேவ பயம் உங்களுக்கு வேண்டும் என்பதற்காகவே அவர் வந்தார் என்கிறார். ஒரே வசனத்தில் வேண்டாத பயமும் வேண்டிய பயமும் இருக்கின்றன! தூரப்போய் நிற்க வைப்பது வேண்டாத பயம். தப்புச் செய்யாமல் காப்பது வேண்டிய பயம்.

இரண்டு பயம் உண்டு என்பது சபையின் பழைய போதனைதான். அடிமை எஜமானுக்குப் பயப்படுவது ஒன்று. பிள்ளை தகப்பனுக்குப் பயப்படுவது இன்னொன்று. அடிமைக்குத் தனக்கு அடி விழுமே என்று கவலை. நல்ல பிள்ளைக்கோ அப்பா மனசு நோகுமே என்று கவலை. மார்ட்டின் லூத்தர் 1529-ல் குடும்பங்களுக்காக எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் பத்துக் கட்டளைகளை விளக்கும்போது, கடவுளுக்குப் பயப்படுவதையும் அவரை நேசிப்பதையும் சேர்த்துச் சேர்த்தே சொல்லிக்கொண்டு போகிறார். ஒன்றை விட்டு ஒன்று இல்லை. யோவான் எழுதிய முதலாம் நிருபத்தில் பூரண அன்பு வெளியே தள்ளுவதாகச் சொல்லும் பயம், வேதனை தருகிற அந்த அடிமைப் பயம்தான்.

எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது 130-ஆம் சங்கீதம். கடவுளிடம் மன்னிப்பு இருக்கிறது, அதனால் அவருக்குப் பயப்படுகிறார்கள் என்ற கருத்து அங்கே வருகிறது. தண்டனை இருப்பதால் என்று சொல்லவில்லை. மன்னிப்பு இருப்பதால் என்கிறது. இது தலைகீழாக இருக்கிறதே என்று முதலில் தோன்றியது. பிறகு யோசித்தேன். அன்று அத்தை என்னை அடித்திருந்தால், அடுத்த தடவை பாலைக் கொட்டியதை மறைத்திருப்பேன். அவர்கள் என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டதால்தான், இன்று வரை எதிலும் தண்ணீர் கலக்க என் கை கூசுகிறது. மன்னிப்புக்குப் பிறகு வருகிற பயம்தான் நிலைத்து நிற்கிற பயம்.

பயம் ஒருவரைக் கிட்டே இழுக்குமா என்று கேட்பவர்களுக்குக் குற்றாலத்தைக் காட்டலாம். எங்கள் சங்கத்தார் ஒரு வருஷம் சீசனில் பேரருவிக்குப் போயிருந்தோம். ஆனி, ஆடிச் சாரலில் தண்ணீர் பொழிகிற பொழிவைப் பார்த்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் தலையைக் கொடுப்போம். மூச்சு முட்டும், உடம்பு நடுங்கும். ஆனாலும் யாராவது சீக்கிரம் வெளியே வருகிறோமா? போலீஸார் விசில் அடித்துக் கிளப்ப வேண்டியிருக்கிறது! நாய் துரத்தினால் வருகிற பயம் நம்மை ஓட வைக்கிறது. அருவிக்கு முன்னால் வருகிற பயமோ, "இன்னும் ஒரு தடவை" என்று உள்ளே இழுக்கிறது. விளையாட்டுத்தனம் மட்டும் அங்கே கூடாது. வெள்ளம் வருகிறபோது போகாதே என்றால் போகக்கூடாது.

அன்று ஐயரம்மா ஒன்று சொன்னார்கள். உச்சியிலிருந்து விழுகிற தண்ணீர் நேரே நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் முதலில் விழுந்து, வேகம் தணிந்து, அது நிரம்பி வழிந்துதான் கீழே வருகிறது. அதனால்தான் குழந்தை குட்டிகளோடு நாம் அதன் அடியில் நிற்க முடிகிறது. "தேவனுடைய மகிமை நேரே இறங்கியிருந்தால் யாரால் தாங்க முடியும்? அந்த வேகத்தைக் கிறிஸ்து தன்மேல் வாங்கிக்கொண்டதால்தான் நாம் அதன் கீழே நின்று குளிக்கிறோம்" என்றார்கள். குற்றாலத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. "கடவுளுக்குப் பயந்த பெண் வாய் திறக்கமாட்டாள், எதையும் பொறுத்துப் போவாள்" என்று சிலர் நினைக்கிறார்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை. யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்று இரண்டு மருத்துவச்சிகள் வருகிறார்கள். எபிரெயப் பெண்களுக்குப் பிறக்கிற ஆண் குழந்தைகளைக் கொன்றுவிடச் சொல்லிப் பார்வோன் ராஜா அவர்களுக்கு உத்தரவு போடுகிறான். அவர்கள் தேவனுக்குப் பயந்தார்கள். அதனால் ராஜாவுக்குக் கீழ்ப்படியவில்லை. பெரிய பயம் ஒன்று உள்ளே இருந்தால், சின்னப் பயங்கள் தானாகவே விலகிவிடுகின்றன.

இந்தக் கதைக்கும் என் சின்ன மகளுக்கும் சம்பந்தம் உண்டு. மூத்தது பெண். இரண்டாவது நான் உண்டானபோது, உறவில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஸ்கேன்ல பார்த்துச் சொல்ற இடம் இருக்கு. பொண்ணுன்னா இப்பவே யோசிச்சுக்கிடலாம்" என்றார். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். நான் பதில் சொல்லத் திணறினேன். உள்ளேயிருந்து அத்தை வந்தார்கள். "அந்த ரெண்டு மருத்துவச்சியும் ராஜாவுக்குப் பயந்திருந்தா மோசே ஏது? இது கர்த்தருக்குப் பயந்த வீடு. இந்தப் பேச்சு இங்க வேண்டாம்" என்று உறவினர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். யாரையும் எதிர்த்துப் பேசி அறியாத அத்தை! 2014-ல் பிறந்தாள் என் சின்ன மகள். தேவ பயம் உயிரோடு வைத்த பிள்ளை அவள். அந்தப் பிள்ளையிடமா நான் ஆண்டவர் கண்ணைக் குத்துவார் என்று சொன்னேன்!

மறுநாள் காலை அவள் கண்ணைக் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். "ஆண்டவர் உன் கண்ணைக் குத்தல தாயி. அம்மா சொன்னது பொய். பொய் சொன்னதுக்கு என்னை மன்னிச்சுக்கோ" என்றேன். பிள்ளை நம்பாமல் பார்த்தாள். யோவான் 9-ஆம் அதிகாரத்துக் கதையைச் சொன்னேன். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்று இயேசு சொல்லி, அவனுக்குப் பார்வை கொடுக்கிறார். "அவர் கண்ணைக் குத்துகிறவர் இல்லை. கண்ணைத் திறக்கிறவர்."

"அப்ப நான் காசு எடுத்தது?" என்றாள்.

அது தப்புதான் என்றேன். அதை ஒளிக்கவில்லை. பிறகு என் உழக்குப் பால் கதையைச் சொன்னேன். அம்மாவும் தப்புச் செய்தவள்தான் என்று கேட்டதும் அவள் முகத்தில் வந்த ஆச்சரியத்தைப் பார்க்க வேண்டுமே!

"ஆச்சி ஒங்கள அடிச்சாகளா?"

"இல்ல. எனக்காக அவங்க மன்னிப்புக் கேட்டாங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகுதான் அழுதாள். ஐந்தாறு நாளாக உள்ளே வைத்திருந்த அழுகை. அன்று இரவு அவளாகவே ஜெபம் பண்ணினாள். மங்கலும் நாள்போக்கில் விலகிவிட்டது. அதற்கு அடுத்த ஞாயிறு, தன் உண்டியலை உடைத்துப் பத்து ரூபாயை எடுத்துக்கொண்டு போனாள். நான் சொல்லவில்லை.

இளம் தாய்மார்களே, அனுபவப்பட்டவள் சொல்கிறேன். பிள்ளையைச் சாப்பிட வைக்க, தூங்க வைக்க, சத்தம் போடாமல் இருக்க வைக்க ஆண்டவர் பெயரைச் சொல்லி மிரட்டாதீர்கள். இன்று காரியம் நடந்துவிடும். நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு கஷ்டம் வந்தால், ஓடிப்போய் நிற்க ஓர் இடம் இல்லாமல் போய்விடும்.

காய்ச்சலோ கண்வலியோ வந்தால், "நீ சொன்னபடி கேட்கல, அதான்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். நோய் கிருமியால் வருகிறது. மெட்ராஸ் ஐ வந்தால் அந்தப் பிள்ளைக்குத் துண்டு, தலையணை எல்லாம் தனியாகக் கொடுங்கள். கையை அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவச் செய்யுங்கள். பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். மீந்த சொட்டு மருந்தையோ தாய்ப்பாலையோ விட்டுப் பரீட்சை பண்ணாமல் டாக்டரிடம் காட்டுங்கள். இதுவும் பிள்ளையைத் தந்தவருக்குக் காட்டுகிற மரியாதைதான்.

பிள்ளை தப்புச் செய்தால் தப்பு என்று சொல்லுங்கள். கண்டியுங்கள். ஆனால் பிள்ளை அந்தத் தப்பைத் தூக்கிக்கொண்டு நம்மிடமே வரும்படி ஒரு வாசலைத் திறந்து வையுங்கள். நாம் தவறினால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வெட்கப்பட வேண்டாம். பயபக்தி என்றால் என்ன என்று பாடம் நடத்தவும் வேண்டாம். எதிர்த்துக் கேட்க முடியாதவர்களிடம் நாம் நடந்துகொள்கிற விதத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். நான் என் அத்தையைப் பார்த்தது அப்படித்தான்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் கைப்பிடி அரிசி எடுப்பது சின்ன மகளின் வேலை. நான் அரிசி அளந்ததும் ஓடி வருவாள். ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவாள். பிறகு இன்னொரு பிடியும் போடுவாள். "ஒண்ணு போதுமே, ஏன் ரெண்டு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆச்சி கை பெரிசுல்லாம்மா" என்றாள்.